மெழுகுக்குப் பதில் கோப்பு: மரபு வார்ப்பில் கணினிக்கு எங்கே இடம்?

உலோக வார்ப்புக்குள் கணினி வந்துவிட்டது என்றதும் பலரது மனத்திலும் எழும் காட்சி ஒன்றுதான். திரையில் ஒரு சிலை சுழல்கிறது, பக்கத்தில் முப்பரிமாண அச்சுப்பொறி அதை அடுக்கடுக்காக எழுப்புகிறது, மெழுகு பிசைந்த கைக்கு வேலை இல்லாமல் போகிறது. இந்தக் காட்சியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் வார்ப்புத் தொழிலில் எது கடினம் என்பதை அது இடம் மாற்றிக் காட்டிவிடுகிறது. உருவம் செய்வது கடினமான வேலைதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் அதை மனிதக் கை பல ஆயிரம் ஆண்டுகளாக நன்றாகவே செய்துவந்திருக்கிறது. கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடம் வேறொன்று: அச்சின் உட்புறம். உருகிய உலோகம் இருட்டுக்குள் பாய்கிறது, உறைகிறது, சுருங்குகிறது. நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா என்று அச்சை உடைத்த பிறகுதான் தெரியும். கணினியின் உதவி அதிகம் தேவைப்படுவது அந்த இருட்டுக்குள்தான். இன்று பணமும் பயிற்சியும் பேச்சும் பெரும்பாலும் உருவம் செய்யும் பக்கமே போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், மெழுகு வார்ப்பு எவ்வளவு பழையது என்பதைச் சொல்லிவிடலாம். இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில் சக்கர வடிவச் சிறு செம்புத் தாயத்து ஒன்று கிடைத்தது. வயது சுமார் 6000 ஆண்டுகள். மெழுகுக் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திச் செய்த உருவத்திலிருந்து வார்க்கப்பட்டது அது என்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலையும் இந்த முறையில் பிறந்ததுதான். உயரம் பத்தரை சென்டிமீட்டர் அளவே. அடிப்படை அன்றும் இன்றும் ஒன்று. மெழுகில் உருவம் செய்கிறோம். அதன்மேல் மண்ணைப் பூசி உலர்த்துகிறோம். சூடேற்றி மெழுகை வெளியேற்றுகிறோம். மெழுகு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறோம்.

சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையில் இந்த வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பின்னால் வரும் பேச்சுக்கு அடித்தளம் கிடைக்கும். தேன்மெழுகை மட்டும் வைத்து அங்கே உருவம் செய்வதில்லை. குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி, குளிர்ந்த நீரில் விட்டு இறுக்குவார்கள். குங்கிலியம் கடினத்தைத் தருகிறது, எண்ணெய் இளக்கத்தைத் தருகிறது. வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் கலவை மாறும். உருவம் முடிந்ததும் மெழுகுக் குச்சிகளை ஒட்டி உலோகம் நுழைவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் வழி அமைப்பார்கள். பிறகு மண். முதல் பூச்சு காவிரிப் படுகையின் மிக நுண்ணிய வண்டல். சிலையின் நகம், ஆபரணம், ஆடையின் கோடு எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்வது இந்த மெல்லிய பூச்சுதான். அதற்கு மேல் வருபவை கரடுமுரடான மண் அடுக்குகள். அவை வலுவுக்கு.

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்ற கணக்கும் மெழுகிலிருந்தே வருகிறது. மெழுகை எடைபோட்டு, அதைப்போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் எடுப்பது வழக்கம். இயற்பியல் பாடத்தை வைத்துச் சரிபார்த்தால் கணக்கு கச்சிதம்: வெண்கலத்தின் அடர்த்தி நீரைப்போலச் சுமார் 8.8 மடங்கு, தேன்மெழுகின் அடர்த்தி சுமார் 0.96. வகுத்தால் ஒன்பதைச் சற்றே தாண்டுகிறது. வடிவமைப்பு மென்பொருள் ஓர் உருவத்தின் கன அளவை நொடியில் சொல்கிறதே, அதே தகவலைத் தராசு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த முறை இது.

கோப்பு எதை மாற்றுகிறது?

மரபு முறையில் மெழுகு உருவம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அது உருகிப்போனதும் வார்ப்பு வெற்றி பெற்றால் சிலை கிடைக்கும். தோற்றால் சிலையும் இல்லை, மெழுகும் இல்லை. பல வார உழைப்பு மண்ணோடு போய்விடும். ஒரு சிலையைப்போல இன்னொன்று இருப்பதில்லை என்ற பெருமையும், ஒரு தவறு எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும் என்ற அச்சமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

எண்ணிம (டிஜிட்டல்) கோப்பு உருகுவதில்லை. வேறு எந்த மாற்றத்தையும்விட இதுதான் பெரியது. கோப்பு இரண்டு வழிகளில் உருவாகலாம். ஒன்று, அளவுகளை வைத்து வரையும் கேட் (CAD) மென்பொருளிலோ களிமண் பிசைவது போன்ற சிற்ப மென்பொருளிலோ நேரடியாக வரைவது. இன்னொன்று, கையால் செய்த உருவத்தை ஸ்கேன் செய்வது. நகைத்தொழிலில் முதல் வழி உலகம் முழுவதும் வேரூன்றிவிட்டது. மோதிரமும் கல் பதிக்கும் கூடும் திரையில் வரைந்து, மெழுகில் அச்சிட்டு, பிளாஸ்டர் அச்சில் வார்ப்பது இன்று சாதாரணம். காரணம் எளிது: நகையில் ஒரே அளவுக் கூடுகள் நூறு வேண்டும், கல்லின் விளிம்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் உட்காராது. அங்கே கணினி கையைவிடச் சிறந்தது.

சிலையில் நிலைமை வேறு. சிலையின் உறுப்புகளுக்கு விகிதம் வகுக்கும் தால அளவு முறையைப் பற்றி அறிந்தவர்கள் அதைக் கணினியின் அளவுரு வடிவமைப்போடு ஒப்பிடுவது உண்டு. ஒப்பீட்டில் நியாயம் இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம், அது 12 அங்குலம். பத்துத் தால முறைகளில் உயரமானதான உத்தம தசதாலத்தில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று, அந்தச் சிலைக்கு மட்டுமே உரிய பங்கு அளவு. முகத்தை மாற்றினால் கழுத்து, மார்பு, தொடை, முழங்கால் எல்லாம் தாமே மாறும். ஸ்தபதிகள் இதற்குத் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு குறிக்கிறார்கள். எண்ணே இல்லாமல் விகிதம் கிடைத்துவிடுகிறது. இதை மென்பொருளில் எழுதுவது ஒரு நல்ல மாணவருக்குச் சில நாள் வேலை.

ஆனால் தால முறை தருவது எலும்புக்கூட்டை. எங்கே முழங்கால் வரும் என்று அது சொல்லும். முழங்காலுக்கும் தொடைக்கும் இடையில் சதை எப்படித் திரளும், இடுப்பு ஒரு பக்கம் சாயும்போது வயிற்றின் மடிப்பு எப்படி விழும் என்பதை அது சொல்லாது. அந்த வேலையைச் செய்வது விரலின் வெப்பமும் கத்தியின் அழுத்தமும். திரையில் மட்டுமே வளர்ந்த சிலைகளில் அடிக்கடி காணப்படும் குறை இதுதான்: அளவு சரியாக இருக்கும், பரப்பு பொம்மையைப்போல வழவழப்பாக இருக்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பங்களாக இருக்கும். மென்பொருளில் ஒரு பாதியைச் செய்து மறுபாதியைப் பிரதி எடுக்கும் வசதி இருப்பதால் வரும் வினை அது. ஆகவே சிலை வார்ப்பில் நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியை. உருவத்தைக் கை செய்யட்டும். மண் பூசுவதற்கு முன் அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம். வார்ப்பு தோற்றால் உழைப்பு முழுவதும் போகாது, கோப்பிலிருந்து அச்சிட்டு, கையால் மெருகேற்றி மறுபடி வார்க்கலாம். காப்பீடு என்ற அளவிலேயே ஸ்கேன் தன் செலவை மீட்டுத்தந்துவிடும்.

ஸ்கேன் செய்வதும் பொத்தானை அழுத்தும் வேலை அன்று. ஒளியை வீசி அளக்கும் கருவிகள் பளபளப்பான பரப்பிலும் அடர்கருமையான பரப்பிலும் தடுமாறும். புது வார்ப்பாக இருந்தால் வெண்பொடி தெளித்து மங்கலாக்கலாம். பழஞ்சிலையில் எதையும் தெளிக்கக் கூடாது. அங்கே நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை எடுத்து, முனைவாக்கிய ஒளியால் பளபளப்பை அடக்கி, படங்களிலிருந்து உருவத்தைக் கணக்கிடும் முறைதான் பாதுகாப்பானது. கைகளுக்கு நடுவிலும் ஆபரணத்துக்கு அடியிலும் ஒளி எட்டாத பள்ளங்கள் கோப்பில் ஓட்டைகளாக விழும். அவற்றை நிரப்புபவர் சிற்பம் அறிந்தவராக இருக்க வேண்டும். மென்பொருள் தானாக நிரப்பினால் பள்ளம் மேடாகிவிடும்.

அச்சிட்டது எல்லாம் மெழுகு ஆகாது

சார்லஸ் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986இல் பெற்ற முறைதான் முப்பரிமாண அச்சிடலின் தொடக்கம்: திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்குவது. வார்ப்பாளர்கள் உடனே ஆசைப்பட்டார்கள். அச்சிட்ட உருவத்தையே மெழுகுக்குப் பதில் மண்ணில் புதைத்துவிட்டால் என்ன?

புதைத்தார்கள், அச்சு வெடித்தது. காரணம் பொருளின் குணத்தில் இருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகி வழிந்துவிடும். ஒளியால் இறுகிய பிசின் உருகவே உருகாது. சூடேற்றினால் முதலில் விரியும், பிறகுதான் கருகி எரியும். விரியும்போது சுற்றியுள்ள அச்சை (தொழிற்சாலைகளில் அது பீங்கான் ஓடு) உள்ளிருந்து தள்ளும். ஓடு மெல்லியதாக இருந்தால் விரிசல் விழும். இதற்குத் தீர்வாக 1990களில் உருவத்தை உள்ளே கூடாக, தேன்கூட்டு அமைப்பில் அச்சிடும் உத்தி வந்தது. சூடேறும்போது சுவர்கள் வெளிநோக்கித் தள்ளாமல் உள்ளே மடங்கிக்கொள்ளும். பிறகு மெழுகு கலந்த பிசின்களும், நேரடியாக மெழுகையே சொட்டுச் சொட்டாக அச்சிடும் பொறிகளும் வந்தன.

இன்றும் பிசினில் அச்சிட்ட உருவத்தை முழுதாக எரிக்க 700 டிகிரிக்கு மேல் சூடும் தாராளமான காற்றும் வேண்டும். சாம்பல் துளி எஞ்சினாலும் அது வார்ப்பின் பரப்பில் குழியாகப் பதியும். நெருப்பில் மெதுவாகச் சூடேற்றி மெழுகை வழியவிடப் பழகிய பட்டறையில் இந்த உருவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்குள்ளவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் வார்ப்பு கெடும். அவர்களுடைய நெருப்பு அந்தப் பொருளுக்கு ஏற்றது அன்று. புது நுட்பம் வந்தது, மரபுப் பட்டறைக்குப் பிடிபடவில்லை என்று பழி சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் பொருந்தாமல் போனது இந்த எரிப்புக் கட்டம்தான். மரபு மண்ணச்சுக்கு அச்சிட விரும்புவோர் உருகி வழியும் மெழுகையே அச்சிட வேண்டும். அல்லது அச்சிட்ட உருவத்திலிருந்து சிலிகோன் ரப்பர் அச்செடுத்து, அதில் வழக்கமான மெழுகை ஊற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் இன்னொரு நன்மை உண்டு: கிடைப்பது கைக்குப் பழகிய மெழுகு. அடுக்குக் கோடுகளைச் சூடான கத்தியால் வழித்து, கண்ணையும் உதட்டையும் மறுபடி செதுக்கி, உருவத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள ஸ்தபதிக்கு இடம் கிடைக்கிறது.

இருட்டுக்குள் ஒரு கணக்கு

இனி, இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். உலோகம் உறையும்போது சுருங்குகிறது. திரவமாக இருக்கும்போது கொஞ்சம், திடமாக மாறும்போது கொஞ்சம், திடமான பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம். கடைசிச் சுருக்கம் வெண்கலத்தில் நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 30 சென்டிமீட்டர் உருவம் நாலரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். இதை முன்கூட்டியே பெரிதாக்கிச் சரிக்கட்டலாம். மணலில் பதித்து அச்செடுக்கும் மாதிரி உருவமான பேட்டர்னைச் செய்பவர்கள் இதற்காகவே கொஞ்சம் நீண்ட கோடுகளுள்ள தனி அளவுகோலை வைத்திருந்தார்கள். கணினியில் இது ஒரு கட்டளை.

சிக்கல் முதல் இரண்டு சுருக்கங்களில் இருக்கிறது. மெல்லிய பகுதி முதலில் உறையும், தடித்த பகுதி கடைசியில் உறையும். கடைசியில் உறையும் இடம் சுருங்கும்போது அந்தக் குறையை நிரப்ப எங்கிருந்தாவது திரவ உலோகம் வந்தாக வேண்டும். வழி அடைபட்டிருந்தால் உள்ளே பொத்தல் விழும். 1940இல் செக் பொறியாளர் நிக்கோலாஸ் குவோரினோவ் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். ஒரு பகுதியின் கன அளவை அதன் மேற்பரப்பால் வகுத்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்தினால், உறையும் நேரம் அந்த விகிதத்தில் அமையும். 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தையும் 4 சென்டிமீட்டர் பக்கமுள்ளதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதின் கன அளவு 8, மேற்பரப்பு 24. இரண்டாவதற்கு 64, 96. விகிதம் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. வர்க்கப்படுத்தினால் பெரியது உறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். எனவே உலோகத்தைச் சேமித்து ஊட்டும் ரைசர், தான் ஊட்டும் பகுதியைவிடத் தாமதமாக உறையும் அளவு தடித்திருக்க வேண்டும். அதையும் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

கனசதுரத்துக்குக் காகிதத்தில் கணக்குப் போடலாம். தூக்கிய காலும் விரிந்த சடையும் சுடர்கள் சூழ்ந்த திருவாசியும் உள்ள நடராசருக்கு எப்படிப் போடுவது? உடல் தடிப்பு, சடை நூல். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள சோழர் கால நடராசர் சுமார் 153 சென்டிமீட்டர் உயரம், எடை 300 கிலோ. சாதாரண ஊடுகதிர் அவ்வளவு உலோகத்தைத் துளைக்காது என்பதால் ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்கு வண்டிகளைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கருவிக்குள் அதை வண்டியோடு அனுப்பிப் பார்த்தார்கள். சிலை உள்ளே முழுக்கக் கெட்டி. ஐரோப்பாவின் பெரிய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் நடுவில் கோர் எனும் மண் உள்ளீட்டை வைத்து உட்கூடாக வார்க்கப்படும். அதனால் சுவர் எங்கும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் இருக்கும், உறைதலும் சீராக நடக்கும். கெட்டியாக வார்ப்பது உறைதல் கணக்கில் பல மடங்கு ஆபத்தானது. எந்தக் கணினியும் இல்லாத காலத்தில் அந்தச் சிலையை வார்த்தவர்கள் எங்கே வழி வைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்து ஊற்ற வேண்டும், எவ்வளவு சூட்டில் ஊற்ற வேண்டும் என்பதைத் தலைமுறைகளின் தோல்விகளிலிருந்து கற்றிருந்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு இந்தத் துறையில் இல்லை.

அந்த அறிவுக்குத் துணையாக நிற்கக்கூடியது வார்ப்புப் பாவனை மென்பொருள். உருவத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் எப்படிக் குறைகிறது, உலோகம் எப்படிப் பாய்கிறது என்று நொடிக்கு நொடி கணக்கிடும். எந்த இடம் கடைசியில் உறையும், எங்கே காற்று மாட்டிக்கொள்ளும் என்பது நிறங்களாகத் திரையில் தெரியும். 1980களிலிருந்து வாகன உதிரிபாகப் பவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) இது வளர்ந்தது. ஜெர்மனியின் மாக்மாசாஃப்ட் போன்றவை உலகெங்கும் பயன்படுகின்றன. மும்பை ஐஐடியில் ஆட்டோகாஸ்ட் உருவானது. சிறு பவுண்டரிகளை மனத்தில் வைத்து ஈ-பவுண்டரி என்ற இணையத் தளத்தையும் அங்கே உருவாக்கினார்கள். பம்புக்கும் வால்வுக்கும் எஞ்சின் பாகத்துக்கும் இவ்வளவு செய்யப்பட்டிருக்கிறது. ஒரே முறை வார்க்கப்படும், தோற்றால் எல்லாம் போய்விடும் சிலைக்குத்தான் இது மிக அதிகம் தேவை. அங்கேதான் இது மிகக் குறைவாகப் போய்ச்சேர்ந்திருக்கிறது.

மணல் அச்சும் மணியும்

உருவத்தை அச்சிடுவதைவிட அச்சையே அச்சிடுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இமானுவேல் சாக்ஸும் சகாக்களும் உருவாக்கி 1993இல் காப்புரிமை பெற்ற முறையில் பொடியைப் பரப்பி, பசையை வேண்டிய இடத்தில் மட்டும் தெளித்து, அடுத்த அடுக்கைப் பரப்புகிறார்கள். பொடிக்குப் பதில் வார்ப்பு மணலை வைத்தால் பேட்டர்னே இல்லாமல் மணல் அச்சு கிடைக்கும். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வரை அச்சிடும் பொறிகள் இப்போது இருக்கின்றன. மரப் பேட்டர்னை மணலிலிருந்து உருவி எடுக்க வேண்டும் என்பதால் பக்கங்களைச் சரிவாக வைத்த கட்டாயமும், அச்சை இரண்டாகப் பிரிக்கும் கோடு எங்கே வரும் என்ற கவலையும் இங்கே இல்லை. உடைந்துபோன பழைய இயந்திரப் பாகம் ஒன்றுக்குப் பேட்டர்ன் தொலைந்துவிட்டால், பாகத்தை ஸ்கேன் செய்து நேரே மணலில் அச்சிட்டு வார்த்துவிடலாம்.

மணியின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது, ஏனென்றால் அங்கே கணினி மரபைப் பிரதி எடுக்கவில்லை, மரபுக்கு எட்டாத ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஐரோப்பிய மரபு மணியை அடித்தால் பல சுரங்கள் ஒன்றாக எழும். அவற்றில் ஒன்று மணியின் முதன்மைச் சுரத்துக்குச் சிறு மூன்றாம் இடைவெளியில் (மூன்று அரைச்சுரத் தொலைவில்) இருக்கும். மணிகளுக்கே உரிய அந்தச் சோகச் சாயல் அதிலிருந்து வருகிறது. அதைப் பெரு மூன்றாம் இடைவெளிக்கு (நான்கு அரைச்சுரத் தொலைவுக்கு) உயர்த்த மணி வார்ப்போர் நெடுங்காலம் முயன்றும் முடியவில்லை. ஒரு சுரத்தை நகர்த்த வடிவத்தை மாற்றினால் மற்ற எல்லாச் சுரங்களும் இடம்பெயர்ந்துவிடும். 1980களில் நெதர்லாந்தின் ஐஸ்பவுட்ஸ் மணி வார்ப்பகமும் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அதிர்வைக் கணக்கிடும் மென்பொருளால் ஏராளமான வடிவங்களைச் சோதித்து, பெரு மூன்றாம் மணியை வடிவமைத்தன. சுவரில் புடைப்பு கொண்ட, எந்த வார்ப்பாளரும் வரைந்திராத வடிவம் அது. வார்த்தது என்னவோ பழைய முறையில்தான்.

அதே வார்ப்பகம் பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு 2013இல் வந்த புதிய மணிகளில் மிகப் பெரியதான ‘மரீ’யை வார்த்தது. மற்ற எட்டையும் வார்த்தது பிரான்சின் வில்தியூ நகரத்து வார்ப்பகம். அங்கே அச்சு மண்ணில் இன்றும் குதிரைச் சாணமும் ஆட்டுமுடியும் கலக்கிறார்கள். பழமை மீதான பற்றினால் மட்டும் அல்ல. அச்சைச் சூடேற்றும்போது முடியும் நாரும் எரிந்துபோய் மண்ணுக்குள் மெல்லிய துளைகளை விட்டுச்செல்லும். ஊற்றும்போது எழும் வாயு அந்தத் துளைகள் வழியாக வெளியேறும். இல்லாவிட்டால் அது உலோகத்துக்குள் புகுந்து மணியைக் கெடுக்கும்.

நகல், உரிமை, அடையாளம்

கோப்பு உருகாது என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வெண்கலச் சிலை ஒன்றின்மேல் அச்செடுத்துத் திருட்டுத்தனமாக மறுபடி வார்த்தால், நகல் மூலத்தைவிட ஒன்றரை சதவீத அளவுக்குச் சிறியதாக இருக்கும். நகலிலிருந்து நகல் எடுத்தால் இன்னும் சிறியது. நிபுணர்கள் இந்தச் சுருக்கத்தை அளந்தே போலியைப் பிடிப்பார்கள். ஸ்கேன் செய்து, ஒன்றரை சதவீதம் பெரிதாக்கி வார்த்தால் இந்தத் தடயமே மறைந்துவிடும். பிரான்சில் ஒரு சிற்பத்தின் வெண்கல வார்ப்புகளில் பன்னிரண்டை மட்டுமே மூலம் என ஏற்கிறார்கள். அதற்கு மேற்பட்டவற்றில் அது நகல் என்று அழியாமல் பொறிக்க வேண்டும் என்று 1981இல் ஆணை வந்தது. ஒவ்வொரு சிலைக்கும் ஒரே மெழுகு என்ற மரபில் இப்படி ஒரு விதிக்குத் தேவையே இருந்ததில்லை. ஸ்கேன் அந்த மரபுக்குள் வரும்போது விதியும் கூடவே வர வேண்டும். மெழுகைச் செய்த ஸ்தபதியின் அனுமதி இல்லாமல் கோப்பு கைமாறக் கூடாது. கோப்பிலிருந்து பிறந்த வார்ப்பைக் கையால் செய்த மெழுகிலிருந்து வந்த வார்ப்பு என்று விற்கக் கூடாது. இந்த இரண்டையும் எழுத்தில் வைக்காமல் ஸ்கேனரோடு பட்டறைக்குள் நுழைபவர், என்ன நல்லெண்ணத்தோடு வந்தாலும், எடுத்துக்கொண்டு போக வந்தவராகவே முடிவார்.

அதே ஸ்கேன் சிலையைக் காக்கவும் செய்யும். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் காட்சியகம் 2008இல் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்களோடு ஒப்பிட்டதால் அடையாளம் உறுதியாகி, 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கையால் செய்த ஒவ்வொரு வார்ப்பின் பரப்பும் தனித்தன்மை கொண்டது. அதை மில்லிமீட்டருக்கும் குறைந்த துல்லியத்தில் பதிந்து வைத்தால் மறுக்க முடியாத சான்றாகும். கோயில்களிலும் காப்பகங்களிலும் உள்ள செப்புத்திருமேனிகளுக்கு இந்த வேலை முதலில் நடக்க வேண்டும். நகல் எடுக்கும் திட்டங்கள் பிறகு வரட்டும்.

இல்லாத ஒரு தரவு

பாவனை மென்பொருள் சிலைப் பட்டறைக்குப் போய்ச்சேராததற்கு விலையைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். மறுபாதி மண்ணில் இருக்கிறது. மென்பொருள் சரியாகக் கணக்கிட அச்சுப் பொருள் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது, எவ்வளவு வெப்பத்தைத் தேக்கிக்கொள்கிறது, வாயுவை எவ்வளவு எளிதில் வெளியேவிடுகிறது என்ற எண்கள் வேண்டும். சிலிக்கா மணலுக்கும் பீங்கான் ஓட்டுக்கும் அந்த எண்கள் மென்பொருளோடே வருகின்றன, தொழிற்சாலைகள் பயன்படுத்துவது அவற்றைத்தானே. வண்டலின்மேல் வயல்மண்ணும் மணலும் பூசிய அடுக்கு அச்சுக்கு, அதுவும் ஊற்றும் நேரத்தில் சூடாகவே இருக்கும் அச்சுக்கு, எண்களை யாரும் தயாராகத் தருவதில்லை. சிலிக்கா மணலின் எண்களைப் போட்டு ஓட்டினால் திரையில் அழகான நிறங்கள் வரும். ஆனால் அவை வேறொரு அச்சின் நிறங்கள். உலோகத்துக்கும் இதே நிலைமை. பழைய பாத்திரமும் கழிவுச் செம்பும் சேர்த்து உருக்கும் கலவை ஒவ்வொரு உருக்கிலும் கொஞ்சம் மாறும்.

இந்தத் தரவைச் சேகரிப்பது மலைக்கவைக்கும் வேலை இல்லை. வார்க்கவிருக்கும் ஒரு சிறு சிலையின் அச்சில், மெழுகுக்கு மிக அருகில் ஓரிடம், நடு அடுக்கில் ஓரிடம், வெளிப்பரப்பில் ஓரிடம் என்று மண் பூசும்போதே வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளைப் புதைத்துவிடலாம். மெழுகு வடியத் தொடங்குவதிலிருந்து உலோகம் குளிர்ந்து முடியும்வரை ஒவ்வொரு நொடியும் வெப்பம் பதிவாகும். உருகிய உலோகத்தில் ஒரு துளியை எடுத்துக் கலவையைச் சோதிக்கலாம். பிறகு அதே உருவத்தை மென்பொருளில் ஓட்டி, திரையின் வெப்பக்கோடு பதிவான கோட்டோடு பொருந்தும்வரை மண்ணின் எண்களைத் திருத்திக்கொண்டே போகலாம். வெவ்வேறு தடிப்புள்ள சில வார்ப்புகளில் இதைத் திரும்பச் செய்தால் நம்பத்தக்க எண்கள் கிடைக்கும். தேவையான கருவி ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும். பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகமும் ஒரு பட்டறையும் கைகோத்தால் போதும்.

பட்டறை தன் பங்காகக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு: தோற்ற வார்ப்புகளின் விவரம். எந்த இடத்தில் பொத்தல் விழுந்தது, அன்றைக்கு எங்கே வழி வைத்திருந்தார்கள், அடுத்த முறை எதை மாற்றியதும் சரியானது என்று மூத்த ஸ்தபதி ஒருவர் மனத்தில் வைத்திருப்பதை மென்பொருளின் கணிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கணிப்பும் அனுபவமும் மோதினால், மண்ணுக்குப் போட்ட எண்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.